இடது பின் மூலை

மழைக்கு முந்தின வாரம்
முடோன் சாலையில் என் வெல்டிங் கொட்டகைக்கு
அஞ்சலையின் லாரி வந்தது.
வந்தது என்றால்,
இன்னொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது.

யுத்தத்தில் எந்தப் படையோ விட்டுப்போன வண்டி.
சப்பை முகம், மூக்கு கிடையாது.
முன்கண்ணாடி இரண்டும் கீழே சாய்ந்து
தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு நிற்கும்.
எஞ்சின் மூன்று தடவை மாறியாயிற்று.
கியர்பெட்டி எத்தனை என்று அவளுக்கே கணக்கில்லை.
நாடு ஒருநாள் வலப்பக்கம் ஓட்டு என்றது,
ஸ்டியரிங் இருந்த வலப்பக்கத்திலேயே இருந்துவிட்டது.
அன்றிலிருந்து முன்வண்டியைத் தாண்ட வேண்டுமானால்
இடப்பக்கம் தொங்கும் ஸ்பேர்ப் பையன்
தலையை நீட்டி
"வரலாம்" என்று சொல்ல வேண்டும்.

புதுசு ஒன்று வாங்கிவிடேன் என்றேன்.
"வண்டி வாங்கலாம்.
நம்பர் யார் தருவா?"

அந்த நாளில் அந்தத் தகட்டின் விலைக்கு
மோல்மேனில் ஓட்டு வீடு கிடைக்கும்.
தகடு கேபினில் இருந்தது.
அதனால் கேபின் இருக்கட்டும்,
அதற்குக் கீழே எதுவும் போகலாம் என்றாள்.
அரசாங்க அட்டையில் அவள் டோ எய் மின்.
தீமிதி ரசீதில்தான் அஞ்சலை.

ரங்கூனிலிருந்து ஜப்பான் சேஸிஸ் வந்து இறங்கியது.
குளிர் ஊரில் மீன் சுமந்ததாம்,
குறுக்குச் சட்டத்தின் இடுக்கில் இன்னும் உப்பு.
டீசல் எஞ்சின், ஐந்து கியர்,
ஒரு விரலால் திருப்பலாம் ஸ்டியரிங்கை.
நூல் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு நூல் பிசகில்லை.

பழைய போல்ட்டுகள் பிறந்த இடத்தை விடமாட்டேன் என்றன.
கேஸ் வைத்துத்தான் அறுத்தேன்.
சீட்டுக்கு அடியில்
அரைக் கொட்டைப்பாக்கு,
ஒற்றைக் காது ஜிமிக்கி,
ஒரே இரவில் செல்லாமல் போன எழுபத்தைந்து கியாட் நோட்டு.
ஜிமிக்கியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தில் சங்கிலி போட்டு
நானும் கசாலியும் கோ ஜோ லின்னும்
கேபினை இறக்கினோம்.
உட்கார்ந்தது.
கதவு சாத்தவில்லை.

கீல் மாற்றினோம். அரம் போட்டோம்.
கசாலி முழங்காலால் முட்டிப் பார்த்தான்.
கோ ஜோ லின் பர்மிய மொழியில் இருக்கிற வசவெல்லாம் தீர்ந்து
தமிழில் இரண்டு கடன் வாங்கினான்.
இரண்டு கதவும்
சாத்தவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் டார்ச்சோடு போய்
புல்லில் கிடந்த பழைய சட்டத்தின்மேல்
ரசமட்டம் வைத்தேன்.
இடது பின் மூலை
ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது.
எந்த வருஷம் எந்தப் பள்ளமோ.
அன்றிலிருந்து கேபின்
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்ந்து கொடுத்து
அந்தக் கோணலுக்குப் பொருந்தியிருக்கிறது.
நேரான இரும்பில்
அதற்கு உட்காரத் தெரியவில்லை.

விடியுமுன் கிழிந்த டயரை வெட்டி
மூன்று மூலைக்கு ஒன்றரை அங்குலம் அடை கொடுத்தேன்.
இடது பின் மூலைக்கு
ஒன்றும் வைக்கவில்லை.

தட்.
பூனை குதித்தது போல
மூடிக்கொண்டது.

பரிசோதனைக்கு வந்தவர் நம்பரைப் பார்த்தார்,
புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி நம்பரைப் பார்த்தார்.
குனிய அவருக்கு இடுப்புவலி.
சீல் குத்தினார்.

முதல் நடை தன்பியுசயாட் பக்கம்.
பாக்கு மூட்டையோடு சாலையோரம் காத்திருந்த பெண்கள்
ஒருத்தியும் எழுந்திருக்கவில்லையாம்.
இத்தனை வருஷமும் அவர்களுக்கு
முதலில் வந்தது சத்தம்,
மூட்டையைத் தலைக்கு ஏற்றி முடிக்கையில்தான் லாரி.
இப்போது லாரியே வந்து, தாண்டிப் போயும்விட்டது.
கால் மைல் ரிவர்ஸ் எடுத்தாளாம்.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் நின்றாள்.
கூலி பாக்கி தரத்தான் என்று நினைத்தேன்.
"சைலன்சர்ல ஒரு ஓட்டை போட்டுத் தர்றியா?"

எவ்வளவு பெரிசு என்றேன்.
சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்.