ஐந்நூறு ஆம்பியர்

தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையில்
நிலவறைக்கும் கீழே ஓர் அறை.
சுண்ணாம்பும் கிரீஸும் கலந்த வாசம்.
தலைக்கு மேலே ஐந்து மாடிப் பட்டு.
தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

விலைப்பட்டியலில் ஒரு வரியில்
கணக்கர் பிரபுராமின் விரல் நின்றுவிட்டது.
"மோட்டார் ஓட அறுபத்தெட்டுதான்,
நீங்களே எழுதியிருக்கீங்க.
பிரேக்கர் எதுக்கும்மா ஐந்நூறு?
நூத்தி இருபத்தஞ்சு போட்டா ஆகாதா?"

ஆகும்.
மாவு மில்லுக்கு ஆகும், லிஃப்டுக்கு ஆகும்.
அங்கெல்லாம் பிரேக்கர் காப்பது மோட்டாரை.
மூச்சு முட்டினால் கையைப் பிடித்து
உட்கார வைத்துவிடும்.

இது தீயணைப்புப் பம்பு, ஐம்பது குதிரை.
தொட்டி மண் அடைத்தோ கல் சிக்கியோ
சுழலி இறுகி நின்றுவிட்டால்
ஆறு மடங்கு இழுக்கும். நானூற்றெட்டு.
பக்கத்தில் ஜாக்கி பம்புக்கு ஏழு.
கூட்டினால் நானூற்றுப் பதினைந்து.
(நம் கரண்டின் வோல்டும் அதே எண்தான்.
தற்செயல். இருந்தும் இன்னொரு தரம் கூட்டினேன்.)
அதை முழுக்க, எத்தனை நேரமானாலும்,
விழாமல் தாங்க வேண்டும்.
டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கிற அடுத்த அளவு
ஐந்நூறு.

"அப்ப மோட்டார் எரிஞ்சிருமே?"
எரியட்டும்.

சொன்ன பிறகுதான் உறைத்தது
எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன் என்று.
வண்டியிலிருந்து இறங்கிய அன்றே
வயர்மேன் ஒச்சப்பன் அதற்குச் சந்தனம் வைத்திருந்தான்.
பச்சைப் பெயின்டின் மேல்
இன்னும் காய்ந்து கிடக்கிறது.

கீழவாசல் கிடங்கைப் பற்றிச் சொன்னேன்.
மூன்று வருஷம் முன்பு, பங்குனியில்.
சின்னப் பிரேக்கர். முறையாகத்தான் விழுந்தது,
ஒன்பதாவது நொடியில்.
மறுநாள் போனபோது கூரை இல்லை.
பொம்மைகள் அடுக்கியிருந்த இடத்தில்
கரும்பாகு போல இறுகிய பிளாஸ்டிக்.
காவல்காரரின் டார்ச் மட்டும் கிடைத்தது.
மோட்டாரை மெகர் வைத்துப் பார்த்தேன்.
ஒரு குறையும் இல்லை.
ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது.

பிரபுராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு கேட்டார்:
"கேபிளும் ஐந்நூறுக்கா?"
இல்லை. அதற்கு அத்தனை தடிமன் வேண்டாம்.
போகிற நேரம் வந்தால்
அதுவும் மோட்டாரோடு போகும்.
"அப்ப அதில கொஞ்சம் மிச்சம்" என்று
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பேனல் வந்து நின்றது.
ஒச்சப்பன் சிவப்புப் பெயின்டில்
கதவின் மேல் எழுதினான்:
தீயை அணைக்க.
இதை அணைகாதே.
ஓர் எழுத்து விட்டுப்போச்சுப்பா என்றேன்.
"இடம் பத்தலை மேடம்.
அணைக்கப் போறவன் படிச்சிட்டா அணைப்பான்?"

பட்டனை அழுத்தினேன்.
மேலே யாரோ யாருக்கோ
மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை விரித்திருப்பார்கள்.
காலடியில் தரை அதிர்ந்ததை
அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.
ஊசி நானூறு வரை துள்ளி,
தயங்கி,
அறுபத்தெட்டில் வந்து உட்கார்ந்தது.