போத்தல் கணக்கு

வாங்கினது இரண்டாயிரத்து நானூறு டொலருக்கு.
பதினெட்டு வயதான ஹொண்டா, இருநூற்றைம்பது சிசி.
தாங்கியின் இடப்பக்கம் ஒரு நெளிவு,
முன்பு யாரோ விழுந்தபோது முழங்கால் பதிந்த இடம்.
இன்சூரன்ஸ்காரன் சொன்ன தொகை
வண்டியின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு.
நாற்பத்தாறு வயதில் புது லைசென்ஸ் என்றால்
மீசை முளைக்காத பெடியனும் நானும் ஒன்றாம்.

பகீரதன் வேண்டாம் என்று சொல்லவில்லை.
மோர்ட்கேஜ் கடிதத்தை எடுத்து
சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டுத்
தேத்தண்ணி போடப் போனார்.
இருபது வருடத்தில்
அவர் என்னோடு பிடித்த பெரிய சண்டை அதுதான்.

அதனால் எனக்கு நானே ஒரு சட்டம்:
வீட்டுக் கணக்கில் ஒரு சதமும் தொடுவதில்லை.
முதியோர் இல்லத்தில் ஓவர்டைம் செய்தாலும்
அது ஆரணியின் யூனிவர்சிட்டிக்கு.
ஆட்டிறைச்சியில் அரைக் கிலோ குறைத்து
செயினுக்கு எண்ணெய் வாங்கினால் அதுவும் களவுதான்.
பிறகு மிச்சம் என்ன?
யாரும் காசென்று நினைக்காத ஏதாவது.

குணசீலனின் மண்டபத்தில் ஒரு சாமத்தியவீடு.
பிள்ளை ஹெலியில் வந்து இறங்காத குறை.
ஆம்பிளையள் எல்லாம் கார் பார்க்கில்,
டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு
ஊர் அரசியலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.
பத்து மணிக்குப் பிறகு
காஞ்சிபுரம் சேலையோடு குனிந்து
கறுப்புப் பையில் வெறும் போத்தல் பொறுக்கினேன்.
பியர் என்றால் பத்துச் சதம்,
பெரிய விஸ்கி என்றால் இருபது.
"என்னக்கா, வீட்டில ஏதும் கஷ்டமோ?"
"ஓம் தம்பி, கெதியாக் குடிச்சு முடியுங்கோ."

ஒரு நல்ல கலியாணம் ஒரு சோடி பிரேக் கட்டை.
மூன்று பிறந்தநாளுக்கு ஒரு பட்டரி.
அந்தியேட்டியில் ஒன்றும் தேறாது,
சோடாத் தகரம்தான். ஒன்ராறியோவில்
சோடாத் தகரத்துக்குக் காசு கிடையாது.

பனி கொட்டினால் ஏஜாக்ஸ் முழுக்கத் திட்டும்.
நான் யன்னலில் நின்று சென்ரிமீற்றர் எண்ணுவேன்.
பதினைந்து என்றால்
மொரீன் வீடு, அடுத்த இரண்டு வீடு,
விடிய முன்னம் அறுபது டொலர்.
இடுப்பு நோகும். அதற்குத் தைலம் வாங்கினால்
எந்தக் கணக்கில் எழுதுவது என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.

எல்லாம் போய்ச் சேர்ந்தது ஒரு அங்கர் தகரத்துக்குள்.

ஜனவரி, மைனஸ் இருபத்துநாலு.
இரவு ஒன்றரைக்குச் சூடாக்கி நின்றுவிட்டது.
வந்து பார்த்தவன் தொள்ளாயிரத்து நாற்பது என்றான்,
கையில் காசாக.
கிரெடிட் கார்ட்டை ஆரணியின் பீஸ்
ஏற்கெனவே விழுங்கியிருந்தது.
இரண்டு ஜக்கெட் போட்டுக்கொண்டு
பகீரதன் குசினி வாசலில் நின்றார்.
"அந்தத் தகரத்தில எவ்வளவு கிடக்கு?"

எண்ணினோம். சில்லறையைத் தள்ளிவிட்டால்
எண்ணூற்று எழுபது.
நான் சும்மா எடுக்கச் சொன்னேன்.
அவர் விடவில்லை.
மோர்ட்கேஜ் கடித உறையின் பின்பக்கம் எழுதினார்:
வீடு, மோட்டார் சைக்கிளிடம் கடனாகப் பெற்றது.
மாதம் நூறு.
வட்டி என்று எழுதி, கொஞ்சம் யோசித்து,
ஒரு தாங்கி பெற்றோல் என்றார்.
போர்வைக்குள் இருந்தபடியே
ஆரணி சாட்சிக் கையெழுத்து வைத்தாள்.

மே மாதம். கடனில் இன்னும் நானூற்று எழுபது.
லேக் ரிட்ஜ் றோட்டில் வடக்கே போகிறேன்,
ஹெல்மெட்டுக்குள் உழுத மண்ணின் வாசம்.
பள்ளத்துக்குள் பச்சையாக ஒன்று மினுங்கியது.
முந்நூறு மீற்றர் தாண்டிவிட்டேன்.
திரும்பினேன்.

குனிந்து எடுத்து, எறும்பைத் தட்டி,
ஜக்கெட்டுக்குள் வைத்தேன்.
திரும்பி வந்ததற்கு எரிந்த பெற்றோல்
பத்துச் சதத்துக்கு மேல்தான் வரும்.
அதை அவருக்குச் சொல்லப்போவதில்லை.