ஒன்பதாவது ரீல்

ஒரே படம், இரண்டு கொட்டகை.
குவாலா பிலாவில் ஓடி முடிந்த ரீல்
ஹம்சாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி
பகாவுக்கு வரவேண்டும்.
எட்டாவது வரை ஒழுங்காய் வந்தது.

சமையற்காரன் வேஷத்தில் கதாநாயகன்.
ரசத்தில் விழுந்த ஒட்டு மீசையைக்
கறிவேப்பிலை என்று மென்றார் மாமனார்.
கொடுத்த நாற்பது காசும்
அந்த ஒரு மெல்லலுக்கே சரியாய்ப் போயிற்று.

அப்புறம் படம் தாவியது.
கரண்டியால் அவனை விரட்டிக்கொண்டிருந்தவள்
அடுத்த நொடி மாலையும் கழுத்துமாக.
"எப்படா சம்மதிச்சா?"
ஆப்பரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்கள்.
நான் கத்தவில்லை.
சித்திரையில் பெண் பார்த்தார்கள்,
வைகாசியில் தாலி.
பதினொரு வாரமாய் மாசிலாமணிக்கும் எனக்கும் பேச்சு
உப்பு, மண்ணெண்ணெய், பெரட்டு மணி.

வணக்கம் போட்டு விளக்கும் எரிந்த பிறகு
நனைந்துகொண்டு வந்தான் ஹம்சா.
காட்டுக்குப் போகிற அரிசியோ என்று
ஜுவாசேயில் பட்டாளத்துக்காரர்கள்
டப்பாவைத் திறக்கச் சொன்னார்களாம்.
அரிசி இல்லை.
பாட்டு இருந்தது.

வெளியே லாரி ஹாரன்.
ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட் பூட்டு.
பாதிப் பேர் போயாயிற்று,
நான் காலால் செருப்பைத் துழாவினேன்.
அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"ஒரு பாட்டுதானே,
நாம பாத்துட்டே போவோம்."

நாம.

ஏணியில் அவன், ஜன்னலில் அவள்.
நிலாவே வராத காதல் பாட்டு.
கடுகு மாதிரி வெடிக்குதாம் நெஞ்சு,
அடுப்பை அணைக்க வேண்டாமாம்.
ஓடு மாற்றுகிறான் என்று நம்பி
ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மாமனார்.
கல்யாணத்தை முன்னமே பார்த்துவிட்டதால்
அவன் விழுவானோ என்று
ஒருத்தரும் பயப்படவில்லை.
சரணத்தில் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.
ஓ, இப்பத்தானா, என்றார் யாரோ
நிம்மதியாக.

கேட்டில் ஆம்பளை ஒரு வரிசை, பொம்பளை ஒரு வரிசை.
சோதிக்கிறவள் என் மடியை உதறினாள்.
மிச்சக் கச்சான் கொட்டையை எடுத்துவைத்தாள்.
அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீட்டி,
அதே பல்லவி,
ஏறவேண்டிய இடத்தில் இறங்கி,
இறங்கவேண்டிய இடத்தில் மூச்சுவாங்கி.
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கூசுதா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.