தடைசெய்யப்பட்ட பொருள்

ஜுபைலில் அப்போது எங்கள் குழாய்க் கிடங்குக்கு மூன்று கேட்.
மூன்றாவதில் பொன்னுரங்கம்.
மெட்ராஸ் ரெஜிமென்ட், பதினேழு வருஷம், ஹவில்தார்.
கம்பெனிச் சீருடை தோளில் பிடிக்கும்.
அதையும் கஞ்சி போட்டுத்தான் உடுத்துவார்.

போர்ட்டா கேபினில் ஆறு கட்டில்.
அவர் போர்வை மட்டும்
தபால் உறை மாதிரி மடிந்திருக்கும்.

யாழ்ப்பாணம் எப்படி என்று கேட்டால்
"நல்ல தண்ணி" என்பார்.
அவ்வளவுதான்.

மெஸ்ஸுக்குப் புதிதாக வந்த தவபாலன்
சீருடையைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தான்.
சாம்பார்க் கரண்டி பாதியில் நின்றது.
"அண்ணை ஆமியோ?"
"இருந்தேன்."
"எங்கட பக்கமோ?"
வரிசையில் பின்னால் தட்டுகள் சத்தம் போட்டன.
அவர் நீட்டிய தட்டை இழுக்கவில்லை.
தவபாலன் ஊற்றினான்,
விளிம்பு வரை, கை சுடும்படி.

அதற்குப் பிறகு இரவுகளில்
தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் இருவரும்.
அடிதடி வருமென்று நான் விழித்துக் கிடந்தேன்.
வரவில்லை.

ஏசி நின்றுபோன ஓர் இரவில் எனக்கும் சொன்னார்,
கூரையைப் பார்த்துக்கொண்டு:
"செக்போஸ்ட்டுல சைக்கிள்ல ஒரு பையன். வெள்ளைச் சட்டை.
பையில ரெண்டு பேட்டரி.
எதுக்குன்னு ஆபீசர் இந்தியில கேட்டார்,
நான் தமிழ்ல கேட்டேன்.
படிக்க, டார்ச்சுக்குன்னான்.
படிக்கவாம் சார்னு இந்தியில சொன்னேன்.
ரெண்டு பாஷையிலயும் சரியாத்தான்யா சொன்னேன்."

நடுவில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை.
வெகுநேரம் கழித்து,
"பேட்டரிய நாங்க வெச்சுக்கிட்டோம்.
ரேடியோவுல போட்டு
வேர்ல்டு கப் கேட்டோம்."

ஆறு மாதத்தில் ஆள் வேறாகியிருந்தார்.
முதல் தேதியில் ஆளுக்குப் பத்து ரியால்,
நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு நேரே டிக்,
பட்டாளத்து டிக்.
மூன்று டிக் என் பெயருக்கு நேரே உண்டு.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
தெரியாமலும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் கடற்கரை தாண்டி மணல்மேட்டில்
நான்கு பொடியன்கள் சுற்றி உட்கார,
குச்சியால் கோடு கிழிப்பார்:
இது சாவடி, இது வளைவு, இங்கே நிற்கிறவனுக்கு
இந்தப் பக்கம் கண் மறைவு.
நின்றவருக்குத் தெரியாதா.
பிறகு பூட்ஸால் அழிப்பார்.
அப்போது மட்டும் அவர் குரலில் வயது இருக்காது.
பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.
அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த வட்டத்தில் தவபாலன் உட்கார்ந்ததே இல்லை.
வெங்காயம் உரித்தபடி ஒருநாள் சொன்னான்:
"நான் உதொண்டும் கேக்கேல்லை.
அந்தப் பெடியன்ர பேர் என்னெண்டுதான் கேட்டனான்.
பேர் தெரியாதாம்.
அதுக்குப் பதிலா
தன்னைத் தாறாராம்."
வெங்காயத்தைக் கழுவப் போனான்.

ரம்ஜான் முடிந்து நான்காம் நாள்
அவர் கட்டில் பலகையாகக் கிடந்தது.
இக்காமா கம்பெனி லாக்கரிலேயே இருந்தது.
விமானத்திலா, படகிலா,
சேர்ந்தாரா, சேரவிட்டார்களா,
தெரியாது.
விசாரிக்க வந்தவர்களிடம்
குறட்டை விடுவார் என்றேன்.

அன்றிரவு என் ரேடியோ பேசவில்லை.
திறந்தேன்.
இரண்டு பேட்டரியும் இல்லை.
அந்த இடத்தில் இரண்டு ரியால் நோட்டு,
தபால் உறை மாதிரி மடித்து.

அதிலேயே புதிது வாங்கிப் போட்டேன்.
மூன்று வாரம் பாட்டுத்தான் கேட்டேன்.
நான்காவது வாரம் செய்தி:
தீவில் ஏதோ ஒரு சந்தை, காலை நேரம்,
பை ஒன்று,
உள்ளே கடிகாரமும் பேட்டரியும் என்றார்கள்.
முப்பத்தொரு பேர்.
பெயர்கள் வாசிக்கவில்லை.

அவராக இருக்காது என்றேன்.
தவபாலன் பதில் சொல்லவில்லை.
கை நீட்டி ரேடியோவை அணைத்தான்.
பிறகு மூடியைக் கழற்றி
இரண்டையும் வெளியே எடுத்து
மேஜையில் நிறுத்தினான்.
நின்றன.