நாலு பாகம்

பரமக்குடியில் ஏறும்போதே கண்டக்டர்
புரொஜெக்டருக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
தகரப் பெட்டிக்கு வேண்டாம் என்றார்,
முறுக்கு டின் என்று நினைத்திருப்பார்.
உள்ளே அமலியின் படம். இருபத்திரண்டு நிமிடம்,
பதினாறு எம்.எம்., ஒரே பிரதி.
இன்னொன்று போடக் காசில்லை.

சின்னப்பாலம் வந்து சேர்ந்தால் கச்சான்.
கட்டிய திரை பாயாகப் புடைத்து
ஊரையே இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தது.
கீழ் மூலை இரண்டிலும் நங்கூரம் கட்டினார்கள்.
தடைக்காலம். படகுகள் கரையில் சும்மா கிடந்தன,
அதனால் நல்ல கூட்டம்.

"ஏண்ணே, போன்ல அனுப்பிவிட்டா
அவங்கவங்க பாத்துக்குவோம்ல?"
கேட்டவன் களஞ்சியம்.
இதற்கு ஊருக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறேன்,
ஒன்றுகூட எனக்கே பிடித்ததில்லை.
ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா பார் என்றேன்.
பார்த்தேன் என்றான்.
பார்க்கவில்லை.

விளக்கு எரிந்ததும் முன்வரிசையில் ஒருத்தி
வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.
"மழை விழுகுது."
மழையில்லை. பிரதியின் கீறல்கள்.
தொண்டியில் விழுந்தது கொஞ்சம்,
தேவிபட்டினத்தில் மணல் புகுந்து விழுந்தது மீதி.
இந்த ஜில்லாவில் இவ்வளவு மழை
துணியில்தான் பெய்கிறது.

படத்தில் இருப்பதும் அவர்களேதான்.
விரலுக்குத் துணி சுற்றுகிறார்கள்,
கண்ணாடி மாட்டுகிறார்கள்,
மரிக்கொழுந்துப் பாசிக்குப் போகிறார்கள்.
"ஏ, அது எங்க வீட்டுக்காரர் சட்டைடி!"
ஒரே சிரிப்பு.

ஒன்பதாவது நிமிடம் நம்புராணி மூழ்குகிறாள்.
தண்ணீருக்குள் போகிற கேமரா
அமலியிடம் இல்லை.
ஆகவே திரை முழுக்க வெறும் தண்ணீர்,
வெட்டே இல்லாமல் நாற்பத்தொரு நொடி.
ஒருநாள் பொழுது போகாமல் சுருளை அளந்தேன்:
இருபத்தைந்து அடி.
இவர்கள் கணக்கில் நாலு பாகம்.

அதிலும் பாதி இருட்டு.
ஒரு கட்டம் போய் அடுத்த கட்டம் வருவதற்குள்
ஷட்டர் ஒளியை மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது.
காசு கொடுத்தும் கொடுக்காமலும் வந்தவர்கள்
பாதி நேரம் இருட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள்.
அந்தப் பாதியில் என்ன தெரிகிறது என்பது
எனக்கு நெடுநாள் சந்தேகம்.

பதினேழு, பதினெட்டு என்று
ஒரு பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தது.
ஜெனரேட்டர் இருமியது.
நின்றது.

திரையில் இருந்த கடல் அணைந்தது.
முதுகுக்குப் பின்னால் இருந்தது
பாட்டுக்கு இரைந்தது.
யாரோ எழுந்து பாயை உதறினார்கள்.

"எங்கடி போறீங்க?"
இருட்டுக்குள் நம்புராணி.
"உக்காருங்க. நான் இன்னும் மேல வரல."

உட்கார்ந்தார்கள்.

களஞ்சியம் ஓடினான்.
இபுராம்சாவின் படகில் குழாய் விட்டு
வாயால் டீசல் உறிஞ்சித் துப்புகிற சத்தம் கேட்டது.
நான் டார்ச் அடித்து லென்ஸுக்குப் பின்னால் பார்த்தேன்.
சுண்டுவிரல் நகத்தளவு தண்ணீர்,
அசையாமல்.
அதற்கு அடியில் எங்கோ அவள்.
ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.
"சத்தம் போடாத, அத்தை உள்ள இருக்கா."

மோட்டார் பிடித்தது.
தண்ணீர் நகர்ந்தது, பிளந்தது,
முதலில் பாசிப் பை, பிறகு தலை.
அந்த விசிலைப் பாம்பன் வரை கேட்டிருப்பார்கள்.
படத்தில் அவளுக்கு அதெல்லாம் தெரியாது.
பையை வள்ளத்தில் எறிந்துவிட்டு
மூக்கைச் சிந்துகிறாள்.

சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தபோது வந்தாள்.
"எம்புட்டு நேரம் நின்னுச்சு?"
களஞ்சியம் போனைப் பார்த்தான், பதினோரு நிமிஷம்.
"படத்துல எம்புட்டு?"
நாற்பத்தொரு நொடி என்றேன்.
விரல் மடக்கிக் கூட்டிக்கொண்டாள்.
இந்தக் கரையில் இனி எவளும்
அதைத் தாண்டப்போவதில்லை என்ற முகம்.

கொஞ்சதூரம் போனவள் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு மூக்கையூரா?
அங்கயும் செத்த நேரம் நிப்பாட்டுங்க."