அரை விரற்கடை

“பின்னால எதுவும் தெரியக் கூடாது.”
ஷெரில் முதலில் சொன்னது அதைத்தான்.
ஃப்ரேசர் டவுன், நான்காம் மாடி, ஜூலை மூட்டம்.
பின்னால் இருந்தவை
டேப் பாதி ஒட்டிய ஒன்பது அட்டைப்பெட்டிகள்,
படம் கழற்றிய சுவரில் வெளுத்த ஒரு சதுரம்,
ஆண் செருப்பு ஒன்று.
அதன் ஜோடியைக் கோடுபளே தின்றுவிட்டதாம்.

வாலைப் பார்த்து வைத்த பெயர் அது.
முகமோ நீளம். மூக்கிலிருந்து கண்ணுக்கு
ஒரு சாண் இருக்கும்.
எண்பத்தைந்து லென்ஸ், ஒன்று புள்ளி நான்கு.
இவ்வளவு கிட்டத்தில்
உலகம் தெளிவாயிருப்பது
அரை விரற்கடைத் தடிமனுக்குத்தான்.
மூக்கைப் பிடித்தால் கண் கரையும்.
ஐந்து புள்ளி ஆறுக்கு மூடினால்
அரைகுறையாக இரண்டும் கிடைக்கும்,
கூடவே பெட்டிகளும்.

நாய் மூச்சு விடும். நானும் விடுவேன்.
இரண்டு மூச்சுக்கும் நடுவில் கண்
ஈரச் சோப்பாய் நழுவும்.
குப்புறப் படுத்து, மொசைக்கில் முழங்கை ஊன்றி
நாற்பது எடுத்தேன், ஐம்பது எடுத்தேன்.
மீசைமயிர் துல்லியம்.
காதோரம் உண்ணி கடித்த வடு, அப்படியொரு துல்லியம்.
கண் மட்டும் எங்கோ தண்ணீருக்கடியில்.

ஐம்பத்திரண்டாவதில்
கழுத்துப்பட்டைத் தகடு விழுந்தது.
சாய்ந்து தொங்கும் பித்தளை.
ஒன்றின்கீழ் ஒன்றாய் இரண்டு ஃபோன் நம்பர்.
மேல்வரி ஊசிமுனை,
கீழ்வரி ஆவி.
மேலே இருந்தது
காலையில் கேட்டில் நின்று நான் அழைத்த நம்பர் இல்லை.

திரையை நான் திருப்பவில்லை,
அவளே எட்டிப் பார்த்தாள்.
“சனிக்கிழமைக்கு அப்புறம்
அந்த ஒரு நம்பர் போதும் அதுக்கு” என்றாள்.
ஏதோ பால்காரர் கணக்கைச் சொல்வதுபோல.

அப்போது கீழே
லிஃப்ட்டின் இரும்புக் கதவு இழுபட்டது.
கோடுபளே காதைத் தூக்கியது.
நாக்கு உள்ளே போனது, வாய் மூடியது.
கம்பிவடம் மேலே ஏறிக்கொண்டிருந்தவரை
அதற்கு மூச்சே இல்லை.
எனக்கும் இல்லை.
அவளுக்கும் என்றுதான் நினைக்கிறேன்,
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒரே ஒரு கிளிக்.

லிஃப்ட் மூன்றாவதிலேயே நின்றது.
யாருடையதோ சாவிக்கொத்துச் சத்தம்.
நாய் மறுபடி இளைக்கத் தொடங்கியது.

அந்தப் படத்தில்
விழியின் பழுப்பு இழைகளை எண்ணலாம்.
பின்னால், கேட்டுக்கொண்டபடி, எதுவுமில்லை.
மங்கலாய்ச் சில பழுப்புக் கட்டங்கள்.
மாலை வெயில் என்று சொன்னாலும் நம்புவார்கள்.

ஞாயிறு காலை ஒரு மெசேஜ்:
“அந்தத் தகடு விழுந்த படம் இருக்கா?
கீழ்வரியைக் கொஞ்சம் தெளிவாக்க முடியுமா?”

முடியாது என்று எழுதினேன்.
வெளிச்சம் வராமலில்லை,
வந்தது பரவிவிட்டது
என்றும் எழுதி, அதை அழித்துவிட்டு
வெறும் ‘முடியாது’ மட்டும் அனுப்பினேன்.

பிறகு ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன்.
பஞ்சுதான்.
கடைசியில் ஏழா ஒன்றா
என்று சொல்ல முடியாத ஒரு கோடு.