ஏழாவது குழாய்

என் பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள்.
இஸ்ரவேல்முத்து என்றதில்
முத்துவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.
தும்புகா பாஷையில் அதற்குக் கிட்டத்தில் ஒரு சொல்,
தலை என்று அர்த்தமாம்.
'தலை வந்தாயிற்று, தண்ணீரும் வந்துவிடும்.'
மூன்று நாள் அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

விமானத்திலேயே சாட்சியை எழுதத் தொடங்கியிருந்தேன்.
அடிஸ் அபாபாவில் காத்திருந்த நாலு மணி நேரத்தில்
கடைசிப் பத்தியும் முடிந்தது:
ஜெபித்தோம். தண்ணீர் பீறிட்டது. ஜனங்கள் அழுதார்கள்.
தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

மலாவியில், ரும்ஃபிக்கு வடக்கே,
சோளக்காட்டைத் தாண்டி ஒரு கைப்பம்பு.
அடித்தால் இருமும். நாற்பது அடிக்கு ஒரு குவளை.
என் பெட்டியில் புது வாஷர்கள், வால்வு, ஸ்பானர் செட்,
சின்னப் புட்டியில் அபிஷேக எண்ணெய்.

முதல் நாள் வாஷரை மாற்றினேன். இருமியது.
இரண்டாம் நாள் வால்வை.
மூன்றாம் நாள் பாஸ்டர் கிதியோன் உபவாசம் அறிவித்தார்.
பம்பைச் சுற்றிக் கைகோத்து நின்றோம், பதினொரு பேர்.
பியூலா அழுதாள்.
எண்ணெயைக் கைப்பிடியில் பூசினோம்;
அதற்கப்புறம் பிடி வழுக்கியது.
நான் பூமிக்குக் கட்டளையிட்டேன், 'திற' என்று.
குரல் நன்றாகத்தான் இருந்தது,
எனக்கே கேட்கப் பிடித்திருந்தது.
அதைச் சொல்லத்தான் இப்போது கூச்சமாயிருக்கிறது.

சற்றுத் தள்ளி, கவிழ்த்த வாளியின்மேல்
தியெஸ்கே உட்கார்ந்திருந்தாள்.
தண்ணீர்க் கமிட்டியின் பொருளாளர். மடியில் நீல அட்டை நோட்டு.
எங்கள் ஆமெனுக்கு அவளும் சத்தமாக ஆமென் சொன்னாள்.
பிறகு எழுந்து வந்து
நாலு தரம் அடித்து நிறுத்தி,
குழாயில் காதை வைத்தாள்.
என் தலையையும் பிடித்து அங்கே வைத்தாள்.

உள்ளே, ஆழத்தில்,
ஏறிய தண்ணீர் திரும்ப விழுந்துகொண்டிருந்தது.

நோட்டைப் பிரித்துக் காட்டினாள்.
போன மழைக்கு முன்பே எழுதியிருக்கிறாள்:
ஏழாவது குழாய். இணைப்பில் விரிசல்.
புதுக் குழாய்க்கும் பசைக்கும்
தலைக்கு இருநூறு குவாச்சா வசூல்.
பாதி சேர்ந்திருந்தது.
என் டிக்கெட்டின் விலையை யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

'முதல் நாளே சொல்லியிருக்கலாமே?'
வாத்தியார் வெஸி அவளிடம் கேட்டு, கொஞ்சம் தயங்கி,
என் காலைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார்:
'நீங்கள் கேட்கவில்லையாம்.
அப்புறம் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.
நடுவில் பேசுவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டாளாம்.'

மீதிப் பாதியை நாங்கள் போட்டோம்.
கடைக்கு வெஸி சைக்கிளில் போய்வந்தார்.
ஆறு பெண்கள் குழாயை உருவி எடுத்தார்கள்,
தியெஸ்கே அறுத்தாள், பசை தடவினாள்.
அவள் பெயருக்கு 'செய்து பார்ப்போம்' என்று அர்த்தமாம்.
எனக்கு இரண்டு வேலை: பிடி என்றால் பிடிக்க, விடு என்றால் விட.
அன்றைக்கு முழுக்க
ஒரு வார்த்தைகூட நான் ஜெபிக்கவில்லை. அல்லது,
எனக்குத் தெரியவில்லை.

காலையில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில்.
யாரும் அழவில்லை.
வரிசையில் இடத்துக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.
ஒரு பையன் காலைக் கழுவி ஏச்சு வாங்கினான்.

நானும் கையைக் குவித்துக் குடித்தேன். இரும்பு வாசம்.
நிமிர்ந்தால் எதிரே நோட்டு.
தலைக்கு இருநூறு.
தலை என்றதும் கூட்டமே சிரித்தது.
பையைத் துழாவிக் கொடுத்தேன்.

பெயர் எழுதப்படும் புத்தகத்தைப் பற்றி
எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறேன்.
அதற்கு அட்டை உண்டா, என்ன நிறம், யோசித்ததில்லை.

நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு
மெதுவாக எழுதினாள்:
நாற்பத்திமூன்று. முத்து. இருநூறு. வரவு.
மை காய்வதற்குள்
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.